எமிலி ஸ்காரட்: காலி ட்விக்கன்ஹாமும் நிரம்பிய ட்விக்கன்ஹாமும்

2020 நவம்பர் 21 அன்று லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் 82,000 இருக்கைகளும் காலியாகக் கிடந்தன. கொரோனா காலம். இங்கிலாந்து மகளிர் ரக்பி அணி பிரான்சிடம் 22–23 என்று ஒரே ஒரு புள்ளி பின்தங்கி இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி கிடைத்தது. எமிலி ஸ்காரட் பந்தைத் தாங்கியின் மேல் நிறுத்தினார், சில அடிகள் பின்னால் நடந்தார், கம்பங்களைப் பார்த்தார், ஓடி வந்து உதைத்தார். 25–23. கைதட்டுவதற்கு ஒரு ரசிகர்கூட இல்லாத அரங்கில் இங்கிலாந்து வென்றது.

ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 27 அன்று, அதே மைதானத்தில் 81,885 பேர் கூடியிருந்தார்கள். மகளிர் ரக்பி ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை அத்தனை பேர் வந்ததில்லை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கனடாவை 33–13 என்று வென்று இங்கிலாந்து கோப்பையை எடுத்தது. ஸ்காரட் அந்தத் தொடருக்கான அணியில் இருந்தார். ஆனால் இறுதி ஆட்டத்துக்கான 23 பேரில் இல்லை. அடுத்த மாதம், அக்டோபரில், ஓய்வை அறிவித்தார். 17 ஆண்டுகளில் 119 சர்வதேச ஆட்டங்கள், 754 புள்ளிகள். புள்ளிகளில் இங்கிலாந்து மகளிர் ரக்பியில் வேறு யாரும் எட்டாத கணக்கு அது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு நல்ல ஆட்டக்காரி ஏன் பதினைந்து பேர் ஆடும் ரக்பியை விட்டு ஏழு பேர் ஆடும் ரக்பிக்குப் போனார், ஏன் திரும்பி வந்தார், ஏன் மறுபடியும் போனார் என்று கேட்டால், விடை மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. யாருக்குச் சம்பளம் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று நிர்வாகிகள் எடுத்த முடிவுகள்தான் இந்த ஆட்ட வாழ்க்கையின் திருப்பங்களைப் பெருமளவு தீர்மானித்தன. ஸ்காரட்டின் காலத்தைப் பின்தொடர்ந்தால் மகளிர் ரக்பி எப்படி ஒரு பிழைப்பாக மாறியது என்பது புரியும்.

ரக்பி பார்த்துப் பழகாதவர்களுக்கு முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் அது டிரை, 5 புள்ளிகள். அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். அது கன்வர்ஷன், 2 புள்ளிகள். எதிரணி விதியை மீறினால் கிடைக்கும் பெனால்டியை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் 3 புள்ளிகள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கன்வர்ஷன் உதையை, டிரை வைத்த இடத்துக்கு நேர்கோட்டில்தான் எடுக்க வேண்டும். கம்பங்களுக்கு அடியில் டிரை வைத்தால் உதை சுலபம். மைதானத்தின் ஓரத்தில் வைத்திருந்தால் பக்கக்கோட்டை ஒட்டி நின்று, ஒடுங்கிய கோணத்தில் உதைக்க வேண்டும். அதனால்தான் பந்தோடு எல்லையைத் தாண்டிய பிறகும் வீராங்கனைகள் முடிந்தவரை நடுப்பக்கமாக வளைந்து ஓடுவதைப் பார்க்கிறோம். பெண்கள் ஆட்டமும் ஆண்களுடையது போலவே 80 நிமிடம். மைதானத்தின் அளவும் மோதலின் விதிகளும் ஒன்றே.

உதைக்கும் பொறுப்பு பொதுவாக 10-ஆம் எண் ஆட்டக்காரரிடம் இருக்கும். ஸ்காரட் பெரும்பாலும் ஆடியது 13-ஆம் எண்ணில், வெளிப்புற சென்டராக. எதிரணியின் வேகமான ஓட்டக்காரர்கள் வந்து மோதும் இடம் அது. ஓடவேண்டும், தடுக்கவேண்டும், விழுந்து எழவேண்டும். அப்படி மூச்சு வாங்க எழுந்தவர், அடுத்த ஒரு நிமிடத்துக்குள் இதயத்துடிப்பை அடக்கிக்கொண்டு, அசையாத ஒரு பந்தை அளந்து உதைக்க வேண்டும். இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்றுக்கு ஆவேசம் தேவை, மற்றொன்றுக்கு அமைதி தேவை. இரண்டையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்க ஓர் அணி துணிந்தது என்றால் அந்த ஆள் எப்படிப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்!

ஸ்காரட் 1990 பிப்ரவரியில் பிறந்தவர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர்ஷயரில், விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தார். ஐந்து வயதிலேயே சிறுவர்களோடு சேர்ந்து ரக்பி ஆடத் தொடங்கியவர். 16 வயதில் அமெரிக்காவிலிருந்து கூடைப்பந்துக்காகக் கல்வி உதவித்தொகை தேடி வந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மறுப்பை இன்றைய கண்ணோடு பார்த்தால் பெரிதாகத் தெரியாமல் போகலாம். அன்றைக்கு இங்கிலாந்தில் ரக்பி ஆடும் பெண்ணுக்குச் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது. கூடைப்பந்து பட்டப்படிப்புக்கு வழி காட்டியது. ரக்பியோ கைக்காசைச் செலவழிக்கும் ஆட்டமாக இருந்தது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

2008-இல், 18 வயதில், அமெரிக்காவுக்கு எதிராக இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம். முதல் 12 சர்வதேச ஆட்டங்களில் 12 டிரை. பிறகு லீட்ஸில் விளையாட்டு அறிவியல் படித்தார், லிச்ஃபீல்ட் கிளப்புக்கு ஆடினார், பள்ளியில் உடற்கல்வி கற்பித்தார். அந்தத் தலைமுறை இங்கிலாந்து அணியில் எல்லோருக்கும் இப்படி இன்னொரு வேலை இருந்தது. பகலில் ஆசிரியை, காவலர், பிளம்பர், மாலையில் பயிற்சி. தாதிகளும் மருத்துவம் படிப்பவர்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு உலகக் கோப்பைக்குப் போன காலம்.

அந்த உலகக் கோப்பைகளின் பின்னணியையும் சொல்ல வேண்டும். முதல் மகளிர் ரக்பி உலகக் கோப்பை 1991-இல் வேல்ஸில் நடந்தது. சர்வதேச ரக்பி வாரியத்தின் ஆதரவு இல்லாமல், ஆட்டக்காரிகளே முன்னின்று நடத்திய போட்டி அது. இறுதியில் அமெரிக்கா இங்கிலாந்தை வென்றது. 1994-இல் இங்கிலாந்து கோப்பையை எடுத்தது. பிறகு நியூசிலாந்தின் காலம். 2002, 2006, 2010 என்று தொடர்ந்து மூன்று இறுதி ஆட்டங்களில் இங்கிலாந்து நியூசிலாந்திடம் தோற்றது. 2010 இறுதி ஆட்டம் சொந்த மண்ணில், பெரிய ட்விக்கன்ஹாமுக்குப் பக்கத்திலேயே உள்ள ஸ்டூப் என்ற சிறிய மைதானத்தில் நடந்தது. 13–10. இருபது வயது ஸ்காரட் அந்தத் தோல்வியில் பங்குபெற்றவர். 13,000 பேர் சொச்சம் வந்து பார்த்த அந்த ஆட்டம் அன்றைக்குப் பெரிய கூட்டம் என்று பேசப்பட்டது.

2014 ஆகஸ்ட் 17, பாரிஸ். மீண்டும் இறுதி ஆட்டம், இம்முறை எதிரில் கனடா. நியூசிலாந்தை அயர்லாந்து பிரிவு ஆட்டத்திலேயே வீழ்த்தி வெளியேற வழிசெய்திருந்தது. கனடாவும் எளிய எதிரி அல்ல; பிரிவு ஆட்டத்தில் இங்கிலாந்தோடு 13–13 என்று சமன் செய்த அணி. இடைவேளையில் இங்கிலாந்து 11–3 என்று முன்னிலை. பிறகு கனடா பெனால்டிகளால் நெருங்கிக்கொண்டே வந்தது. 14–9. ஒரு டிரை வைத்தால் சமன், அதன் கன்வர்ஷனையும் போட்டால் கனடா முன்னிலை. 74-ஆம் நிமிடத்தில் ஸ்காரட் பந்தை வாங்கிக்கொண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே புகுந்தார். ஒருவரை ஏமாற்றி, இன்னொருவரின் பிடியிலிருந்து நழுவி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுந்தார். சக வீராங்கனைகள் மேலே வந்து விழுந்து கட்டிக்கொண்டார்கள். அவரால் அந்தக் கொண்டாட்டத்தில் நெடுநேரம் இருக்க முடியாது. தன் டிரைக்குத் தானே கன்வர்ஷன் உதைக்க வேண்டும்! எழுந்து, பந்தை நிறுத்தி, உதைத்தார். உள்ளே போனது. 21–9. அன்றைய 21 புள்ளிகளில் 16 அவருடையவை: ஒரு டிரை, ஒரு கன்வர்ஷன், மூன்று பெனால்டி. தொடர் முழுவதிலும் 70 புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்துக்குக் கோப்பை கிடைத்தது.

அந்த வெற்றிக்குப் பிறகுதான் பணம் வந்தது. வந்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். இங்கிலாந்து ரக்பி யூனியன் 2014-இல் 20 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. கோப்பை வென்றது பதினைந்து பேர் ஆட்டத்தில். ஒப்பந்தமோ எழுவர் ரக்பிக்கு. காரணம் ஒலிம்பிக். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி சேர்க்கப்பட்டிருந்தது. ஒலிம்பிக் விளையாட்டுக்குத்தான் அரசு நிதியும் விளம்பரதாரர்களின் கவனமும் வரும். ஆகவே உலகக் கோப்பை வென்றவர்களில் பலர் வேறொரு ஆட்டத்துக்கு மாறினால்தான் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பயிற்சி செய்ய முடியும் என்ற நிலை.

எழுவர் ரக்பி பெயரளவில்தான் அதே விளையாட்டு. மைதானம் அதே அளவு, ஆட்கள் பாதிக்கும் குறைவு, நேரம் 14 நிமிடம். மோதி இடம் பிடிக்கும் உடல் அதில் பாரமாகிவிடும். இடைவெளியில் ஓடும் உடல் வேண்டும். ஸ்காரட் தன் உடலையே அதற்காக மாற்றிக்கொண்டார். ரியோவில் பிரிட்டன் அணியின் தலைவி அவர். பிரிவு ஆட்டத்தில் கனடாவை 22–0 என்று சுருட்டிய அணி, அரையிறுதியில் நியூசிலாந்திடம் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அதே கனடாவிடம் 33–10 என்று வீழ்ந்தது. நான்காம் இடம். பதக்கம் இல்லாமல் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு, 2017-இல், பதினைவர் உலகக் கோப்பை. இப்போது பதினைந்து பேர் ஆட்டத்துக்கும் ஒப்பந்தங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. ஆனால் போட்டி தொடங்குவதற்கு முன்பே செய்தி வெளியானது: உலகக் கோப்பை முடிந்ததும் இந்த ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படமாட்டா, பணம் மறுபடி எழுவர் ஆட்டத்துக்குப் போகும். நடப்பு உலக சாம்பியன்கள், கோப்பையைக் காக்கப் போகும் வழியில், வேலை போகப்போகிறது என்று தெரிந்துகொண்டு போனார்கள். யூனியனின் தரப்பில் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது: சுழற்சி முறை, அந்தந்த ஆண்டின் பெரிய போட்டிக்கு அந்தந்த அணி. தாளில் அது சரியாகத்தான் இருக்கும். மனிதர்களை வைத்துப் பார்த்தால் அது மிக மோசமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். 28 வயதில் இருக்கும் ஒரு முன்வரிசை ஆட்டக்காரி, இரு அணிகளும் தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்கிரமுக்காகவே உடலை வளர்த்தவர், எழுவர் ஆட்டத்துக்கு எப்படிப் போவார்? ஸ்காரட் போன்ற ஒரு சிலருக்குத்தான் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. மற்றவர்கள் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

2017 ஆகஸ்ட் 26 அன்று பெல்ஃபாஸ்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து இடைவேளை வரை முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் முன்வரிசை நெருக்கியது. 41–32. கோப்பை போனது. ஸ்காரட் எழுவர் ஆட்டத்துக்குத் திரும்பி, 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார்.

கிளப் அளவிலும் இதே காலத்தில் ஒரு குலுக்கல் நடந்தது. 2017-இல் புதிய மகளிர் லீக் அமைக்கப்பட்டபோது, தேசிய அணிக்குப் பல பேரைக் கொடுத்திருந்த லிச்ஃபீல்டுக்கு இடம் கிடைக்கவில்லை. பெரிய வசதிகள் உள்ள அமைப்புகளுக்கே முன்னுரிமை. ஸ்காரட் லாஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லாஃப்பரோ லைட்னிங் அணிக்குப் போனார். கடைசிவரை அங்கேயே ஆடினார். லீக் வலுப்பெற்றது உண்மை. அதற்கு விலையாகப் பழைய கிளப் ஒன்று மேல்தட்டிலிருந்து மறைந்ததும் உண்மை.

2019 ஜனவரியில் நிலைமை மாறியது. இங்கிலாந்து 28 பெண்களுக்குப் பதினைவர் ரக்பிக்கென்றே முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. ஸ்காரட் மீண்டும் 13-ஆம் எண் சட்டைக்கு வந்தார். பலன் உடனே தெரிந்தது. அந்த ஆண்டு ஆறு நாடுகள் தொடரில் இங்கிலாந்து எல்லா ஆட்டங்களையும் வென்றது. ஆண்டு முடிவில் ஸ்காரட் உலகின் சிறந்த ரக்பி வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 29 வயது. அதே ஆட்டக்காரிதான், அதே கால்தான். நாள் முழுவதும் அந்த ஒன்றுக்கே செலவிட முடிந்ததுதான் வித்தியாசம். முழுநேரம் என்பது பயிற்சியின் மணிக்கணக்கை மட்டும் கூட்டுவதில்லை. தூக்கம், சாப்பாடு, காயத்துக்குப் பிறகான ஓய்வு, எதிரணியின் ஆட்டத்தைத் திரையில் உட்கார்ந்து அலசும் நேரம் எல்லாம் அதோடு சேர்ந்து வரும். வேலை முடிந்து பஸ் பிடித்து இரவு எட்டு மணிக்குப் பயிற்சிக்கு வருகிறவருக்கு இதில் எதுவும் கிடைக்காது.

இங்கிலாந்து வென்றுகொண்டே போனது. தொடர்ச்சியாக 30 வெற்றிகள். கொரோனாவால் ஓர் ஆண்டு தள்ளிப்போன உலகக் கோப்பை 2022-இல் நியூசிலாந்தில் நடந்தபோது, கோப்பை யாருக்கு என்பதில் பலருக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு கால் முறிந்து மீண்டிருந்த ஸ்காரட் நல்ல நிலையில் இருந்தார். பிரான்சுக்கு எதிரான பிரிவு ஆட்டத்தை இங்கிலாந்து 13–7 என்று வென்றது. 13 புள்ளிகளும் அவர் ஒருவரே எடுத்தவை. அரையிறுதியில் கனடாவை 26–19 என்று கடந்ததிலும் அவருடைய உதைகள்தான் இடைவெளியைக் காத்தன.

நவம்பர் 12, ஆக்லாந்து, ஈடன் பார்க். 42,579 பேர். இந்திய நேரப்படி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இங்கிலாந்து சட்டென்று இரண்டு டிரை வைத்து முந்தியது. 18-ஆம் நிமிடத்தில் லிடியா தாம்சனுக்குத் தலையோடு தலை மோதியதற்காகச் சிவப்பு அட்டை. மீதி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பதினான்கு பேர். இங்கிலாந்து தன்னிடம் இருந்த ஓர் ஆயுதத்தை மறுபடி மறுபடி எடுத்தது. பக்கக்கோட்டுக்கு வெளியே போன பந்தை வரிசையாக நிற்கும் இரு அணிகளுக்கும் நடுவே எறிவது லைன்அவுட்; அதில் பந்தைப் பிடித்து, அதைச் சுற்றி எட்டுப் பேர் ஒரே உடம்பாகப் பின்னிக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கி நகரும் ‘மால்’. ஏமி கோகெய்ன் அந்த ஆட்டத்தில் வைத்த மூன்று டிரைகளும் முன்வரிசையின் இந்தப் பலத்திலிருந்து வந்தவை. நியூசிலாந்து ஓடி ஆடிப் பதில் சொன்னது. 34–31. கடைசி நிமிடத்தில் இங்கிலாந்துக்கு எல்லைக்கோட்டுக்கு ஐந்து மீட்டரில் லைன்அவுட். இன்னொரு மால், இன்னொரு டிரை, கோப்பை. பந்து காற்றில் இருக்கும்போதே நியூசிலாந்தின் ஜோயானா ஙான்-வூ எட்டித் தட்டிவிட்டார். முடிந்தது.

இங்கிலாந்து ஐந்து டிரை வைத்தது. மூன்று கன்வர்ஷன் உள்ளே போயின, இரண்டு தவறின. அந்த இரண்டும் போயிருந்தால் நான்கு புள்ளி. தோல்வியின் இடைவெளி மூன்று. புள்ளிப் பட்டியலைப் பார்க்கும் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஆனால் கணக்கு சொல்லாத ஒன்று உண்டு. மால் வழியே வரும் டிரை பெரும்பாலும் ஓரத்தில்தான் விழும். பக்கக்கோட்டருகே தொடங்கும் லைன்அவுட்டிலிருந்து அது புறப்படுகிறது. ஒடுங்கிய கோணம் அந்த உத்தியோடு சேர்ந்தே வருகிறது. பதினான்கு பேரோடு ஆடும் அணிக்கு மால்தான் பாதுகாப்பு. அதைத் தேர்ந்தால் கடினமான உதைகளையும் சேர்த்தே தேர்வதாகும். அந்தத் தோல்வியை ஒரு காலின் மேல் ஏற்றுவது நியாயமில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: மற்ற நாடுகளை முந்திக்கொண்டு முழுநேர ஒப்பந்தம் கொடுத்த இங்கிலாந்தாலும் அன்றைக்கு வெல்ல முடியவில்லை. பணம் ஓர் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கடைசி லைன்அவுட்டைப் பிடித்துக்கொடுப்பது அதன் கையில் இல்லை.

அதன் பிறகு கழுத்துக் காயம். அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மோதல் ஆட்டத்தில் கழுத்து என்பது உயிரோடு விளையாடும் இடம். மீண்டும் ஆட முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. 2024-இல் திரும்பி வந்தபோது அணி மாறியிருந்தது. எல்லி கில்டன், மெக் ஜோன்ஸ், உதைப்பதற்கு ஜோயி ஹாரிசன் என்று புதிய வரிசை. பயிற்சியாளர் ஜான் மிட்சல் 2025 உலகக் கோப்பைக்கான 32 பேரில் 35 வயது ஸ்காரட்டைச் சேர்த்தார். ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடிய முதல் இங்கிலாந்து வீராங்கனை அவர். களத்தில் அவருக்குக் கிடைத்த நேரம் குறைவு. ஆனால் 2014-இல் கோப்பை வென்ற அணியையும், பிறகு இரண்டு இறுதி ஆட்டங்களில் தோற்ற அணிகளையும் உள்ளிருந்து பார்த்தவர்கள் அந்தப் பயிற்சிக் கூடாரத்தில் மிகச் சிலரே. சொந்த ஊரில், நிரம்பிய அரங்கில், வெல்லவேண்டும் என்ற கட்டாயத்தோடு ஆடப்போகும் இளையவர்களுக்கு அருகில் அப்படி ஒருவர் இருப்பதன் பயன் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

2010-இல் அவர் தோற்ற ஸ்டூப் மைதானத்துக்கும் 2025 இறுதி ஆட்டம் நடந்த பெரிய அரங்குக்கும் நடுவே நடந்து போகும் தூரம்தான். பதினைந்து ஆண்டுகளில் கூட்டம் ஆறு மடங்காகியிருந்தது. கைக்காசு போட்டு ஆடியவர்களும், ஒப்பந்தம் ரத்தானவர்களும், ஆட்டம் விட்டு ஆட்டம் தாவியவர்களும் கட்டிய அரங்கம் என்றே நான் அதைச் சொல்வேன்.

ஓய்வுக்குப் பிறகு ஸ்காரட் தன் பழைய லாஃப்பரோ லைட்னிங் அணிக்கே பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். அந்தச் செப்டம்பர் மாலையில் இங்கிலாந்து ஐந்து டிரை வைத்தது, 2022-இல் வைத்த அதே ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஜோயி ஹாரிசன் பந்தை நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்தார். ஐந்தில் நான்கு கம்பங்களுக்கு நடுவே போயின.